ஆளில்லா வீட்டின் பங்கு

அதாஃபுத் தீவின் ஒரே காவலராகிய ஹகாய், ஒருவரிடம் கேள்வி கேட்கும்போது அவருடைய முகத்தைப் பாரார், பாதங்களையே பார்ப்பார். ஊரே வெறுங்காலோடு பவளச் சரளையின்மேல் நடமாடுகின்ற இடத்தில், முகம் கற்றுக்கொண்டுவிட்ட பொய்யைக் கால் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்பது அவர் கொள்கை. விசாரணைக்குப் புறப்படுமுன் ஓர் இளநீரை நின்றவாறே குடித்து முடிப்பது அவர் வழக்கம். இடையில் எவர் கூப்பிட்டாலும், கூப்பிடுபவர் காத்திருக்க வேண்டியதுதான், இளநீர் காத்திராது. அரசாங்கம் அவருக்கு அளித்தவற்றுள் தொப்பி ஒன்றுதான் எஞ்சியிருந்தது. சட்டை என்றோ உப்புக்காற்றுக்கு இரையாயிற்று. சிறைச்சாலை ஒன்று கட்டித் தருவதாக யாரோ எப்போதோ சொன்னார்கள், ஒருவரும் நினைவூட்டவில்லை. அவர் துலக்கிய வழக்குகளிற் பெரும்பாலானவை, எவருடைய பன்றி எவருடைய கிழங்குக் குழியில் இறங்கிற்று என்பதைப் பற்றியனவே.

அவருக்கு உதவியாளன் செமு. மனைவி மெலேகாவின் தம்பி. அவனுக்குச் சம்பளம் இல்லை, வாய் உண்டு. அவ்வாய்க்குப் பூட்டுப் போட வல்லவை இரண்டே. ஒன்று மாலைச் செபமணி. மற்றொன்று அவனுடைய அக்காள். அக்காளின் முன்னிலையில் தம்பி வேடிக்கை பேசுவதும், அவள் பாயைத் தொடுவதும், அவளுக்கென்று வந்த பொருளைப் பிரிப்பதும் அத்தீவில் நடவாத காரியங்கள். ஆகவே ஹகாயின் வீட்டு வாசலை மிதித்ததும் செமு ஊமையாவான். தெருவில் இறங்கியதும் அடைமழையாவான்.

அன்று பிற்பகல் ஹகாய் இளநீரைக் குடித்து முடிக்கும்வரை அந்த அடைமழை ஓயவில்லை.

"அத்தான், சீக்கிரம் குடிங்க. நாளைக் காலையில கப்பல் வந்துடும். நீங்க குடிச்சு முடிக்கறதுக்குள்ள லெபாயோ ஆப்பியா போய் இறங்கி, கல்யாணம் பண்ணி, பேரன் எடுத்துடுவான்."

ஹகாய் இளநீர் ஓட்டைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியை அணிந்துகொண்டார்.

வழக்கு இதுதான். அதாஃபு அடங்கிய தொகெலாவுவின் மூன்று தீவுகளும் நியூசிலாந்தின் கையை விட்டுத் தம் காலில் நிற்பதா என்று இரண்டாம் முறையாக வாக்கெடுத்து ஏறக்குறைய ஒரு மாதம் ஆகியிருந்தது. மூன்றில் இரு பங்கு வாக்குகள் வேண்டும், பதினாறு குறைந்தன. வெற்றி கிட்டினால் ஏற்றுவதற்கென்று அத்தீவின் மகளிர் சங்கத்தார் ஒரு கொடியைத் தைத்து வைத்திருந்தனர். நீலத் துணி, அதில் பாய் விரித்த மஞ்சள் ஓடம், பக்கத்தில் நான்கு வெண்ணிற நட்சத்திரங்கள். ஏற்றுவார் இல்லாமையால் அது ஊர் மண்டபத்து மரப்பெட்டிக்குள் மடித்தது மடித்தபடி கிடந்தது. அடுத்த வாக்கெடுப்பு வரும்வரை அது கப்பல் போய்ச் சேரும் ஆப்பியா நகரில் உள்ள அரசு அலுவலகத்து அலமாரியில் இருக்கட்டும் என்று பெரியோர் அவை தீர்மானித்தது. அனுப்புவதற்காகப் பெட்டியைத் திறந்தபோது கொடியைக் காணவில்லை.

மண்டபத்தைக் காப்பவன் லெபாயோ, அங்கேயே உறங்குபவன். அன்றியும், வேண்டாம் என்று வாக்களிக்கப் போவதாக ஊரறியச் சொன்ன ஒரே மனிதனும் அவனே. வேறு சான்று எதற்கு? கப்பல் புறப்படுமுன் கொடி கிடைக்காவிட்டால் லெபாயோ கப்பலேற வேண்டும், திரும்பி வருதல் கூடாது என்று அவை தீர்ப்புச் சொல்லிவிட்டது.

லெபாயோ மண்டபத்துப் படியில், கூப்பிட்டால் எழுந்து போகச் சித்தமாயிருப்பவன்போல் குந்தியிருந்தான். ஹகாய் அவனுடைய பாதங்களைப் பார்த்தார். இரண்டும் சரளையில் புதைந்து அசையாமல் இருந்தன.

"கடைசியா எப்போடா பெட்டியைத் திறந்தே?"

"நான் திறக்கிறதே இல்ல, அண்ணே. பூட்டா இருக்கு? ஊரே வந்து போற இடம்."

"வேணாம்னு ஏன் ஓட்டுப் போட்டே? அதையாவது வாயை மூடிக்கிட்டுப் போட்டிருக்கக் கூடாதா?"

லெபாயோ கடற்பக்கம் திரும்பினான். "அக்கா லோசா வெலிங்டன்ல இருக்கா. தனியாப் போயிட்டா நடுவுல கதவைச் சாத்திடுவாங்களோ, அவளைப் பார்க்கவே முடியாதோன்னு பயந்தேன். பயந்ததைச் சொன்னேன்."

"இப்ப அவங்களே உன்னைக் கப்பலேத்தி அவ பக்கம் அனுப்புறாங்க. பயந்தவனுக்குப் பரிசு!" என்றான் செமு.

"திருடன்கிற பேரோட அக்கா வாசல்ல போய் நிக்கச் சொல்றியா?" லெபாயோவின் குரல் தாழ்ந்திருந்தது. "நிக்க மாட்டேன். ஆப்பியாத் துறைமுகத்தோட நின்னுடுவேன். எங்க முப்பாட்டனைப் பெரு நாட்டான் கப்பல்ல பிடிச்சுக்கிட்டுப் போனான். என்ன ஆனாருன்னே தெரியாது. ஆனா அவன் வேத்தாளு, அண்ணே. என்னைக் கையைப் பிடிச்சு ஏத்தப்போறது என்கூட வலை இழுத்தவங்க."



ஹகாய் உள்ளே சென்று பெட்டியைத் திறந்தார். அடியில் நீல நூற்பிசிறுகள் சிதறிக் கிடந்தன. அவற்றினிடையே, இரு முனையும் நேராகக் கத்தரிக்கப்பட்ட ஒரு தென்னோலைத் துண்டு, ஒரு சாண் நீளத்தில் கிடந்தது. ஓலை முற்ற உலரவில்லை.

"அத்தான், திருடன் ஓலையில பீடி சுத்தியிருப்பான்," என்றான் செமு.

"கொடி பிடிக்காதவன் என்ன செய்வான்?"

"கடல்ல போடுவான். கல்லைக் கட்டிப் போடுவான். நம்ம ஊர்ல கடலுக்கா பஞ்சம்?"

"விக்கிறவன்?"

"முழுசா விப்பான். அரைக் கொடியை எந்தப் பைத்தியக்காரன் வாங்குவான்?"

"இங்கே உட்கார்ந்து கத்தரிச்சிருக்காங்கடா. இந்த ஓலையை அளவு வெச்சு, ஒரே மாதிரி துண்டு துண்டாக் கத்தரிச்சிருக்காங்க. கோபத்துல கிழிக்கிறவன் அளந்து கிழிப்பானா? நீ எதை ஓலையால அளப்பே?"

செமு வாயைத் திறந்தான். பின்னர் மெல்ல மூடிக்கொண்டான். அத்தீவில் பிறந்த எவனுக்கும் அக்கேள்விக்கு ஒரே விடைதான் தெரியும். பெருமீன் கரையேறினால் அது பிடித்தவனுக்கு உரியதன்று. கரையில் பரப்பி, அளந்து, வீட்டுக்கொன்றாகப் பங்கு வைப்பர். பங்கு பெண்ணின் கையிற் சேரும். அவள் சமைத்து வீட்டாருக்கு இடுவாள். பிடித்தவனுக்கும் ஒரு பங்கே. பிடிக்காதவனுக்கும் ஒரு பங்கே.

"கொடியைப் பங்கு போட்டுட்டாங்களா?" என்றான் செமு. "அப்படின்னா ஊரே திருடனா, அத்தான்? அவ்வளவு பேரையும் நீங்க எங்க கொண்டுபோய் அடைப்பீங்க? நமக்குத்தான் ஜெயிலே இல்லையே!"

அவர்கள் தெருவில் இறங்கினர். சுவரில்லாத வீடுகள், பாய்களைச் சுருட்டி மேலே கட்டியிருந்தமையால் உள்ளிருப்பவை யாவும் வெளியில் தெரிந்தன. ஆயினும் அன்று ஒரு புதுமை இருந்தது. காவலரின் தொப்பியைக் கண்டதும் ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் தலையணையை இழுத்து அதன்மேல் அமர்ந்தனர்.

"என்ன சின்னம்மா, தலையணை முட்டை போட்டிருக்கா? அடை காக்கிறீங்களே!" என்று ஒரு வீட்டைப் பார்த்துக் கேட்டான் செமு.

"உன் வாய்க்கு மேல உட்காரணும்டா நான். அப்பதான் ஊரு உருப்படும்," என்று அங்கிருந்து விடை வந்தது. குரலிற் சிரிப்பு இருந்தது. மடக்கிய கால்களில் இல்லை.

"எழுப்பிப் பார்த்துடலாமா, அத்தான்?"

"வேண்டாம். எழுப்பினா, ஒரு வீட்டைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். எல்லாருக்கும் பங்கு போயிருந்தா எல்லாரும் ஒளிச்சிருப்பாங்க. ஒளிக்கத் தெரியாத வீடு ஒண்ணு இருக்கணும்."

"ஒளிக்கத் தெரியாத வீடா?"

"ஆளில்லாத வீடு."

காயற்கரையோரமாகச் செல்லும் சிறு பாதையில் செமு அவரை அழைத்துச் சென்றான். அது சுற்றுவழி. ஹகாய் அதனைக் கவனித்தார். அப்போது ஒன்றும் கேட்கவில்லை.

ஊர்க் கோடியில் லோசாவின் வீடு பாய்கள் இறக்கிக் கட்டப்பட்டு இருந்தது. அவள் கப்பலேறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கூரை ஒரு மூலையில் சரிந்துவிட்டது. முன்தூணில், மீன்பங்கு கட்டும் அதே முடிச்சோடு, ஓலைப் பொட்டலம் ஒன்று தொங்கிற்று. ஓலையின் நுனி பழுத்திருந்தது. நடு இன்னும் பச்சை மாறவில்லை.

செமு முடிச்சை அவிழ்த்தான். உள்ளே ஒரு சாண் நீளமும் உள்ளங்கை அகலமுமாக நீலத்துணி. அதன் ஓரத்தில் ஒரு வெள்ளை நட்சத்திரத்தின் இரண்டு முனைகள்.

"போதகர் தென்சிலுவைன்னு சொல்வாரு," என்றான் செமு. "எங்க பெரியப்பா மட்டும், மூணு தீவும் மூணு நட்சத்திரம், நாலாவது அமெரிக்கக்காரன் வெச்சுக்கிட்ட ஒலோஹெகா தீவுன்னு அடம்பிடிப்பாரு. இது எந்த நட்சத்திரமோ, போனவங்க வீட்டுக்கே வந்திருக்கு."

ஹகாயின் நெஞ்சில் அன்று முதன்முறையாகச் சிறிது வெளிச்சம் பட்டது. வெலிங்டனுக்குப் போனவர்களுக்கு வாக்குச் சீட்டுக் கொடுக்கப்படவில்லை. கொடியைக் கத்தரித்தவர் யாராயினும், அவர்களையும் எண்ணிப் பங்கு வைத்திருக்கிறார். இது களவன்று, இதனை அவையில் எடுத்துச் சொல்லலாம், லெபாயோ தப்பலாம்.

அவ்வெளிச்சம் நெடுநேரம் நீடிக்கவில்லை.

"கிடைச்சுடுச்சா?" என்று ஒரு குரல் பின்னாலிருந்து கேட்டது.

அவைத் தலைவராகிய பெனியாமினா, செபத்துக்காகக் குளித்து, வெள்ளை வேட்டி சுற்றி, கைத்தடியோடு நின்றிருந்தார்.

"ஐயா, இது திருட்டு இல்லீங்க. இது பங்கு. வீட்டுக்கு ஒண்ணா..."

"இது யாரு வீடு, தம்பி?"

ஹகாய் அவிழ்ந்த ஓலையைப் பார்த்தார்.

"லோசா வீடு. லெபாயோவுக்கு அக்கா. அக்கா வாசல்ல கொடியோட துண்டு தொங்குது. இதுக்கு மேல துப்புத் துலக்க என்ன இருக்கு?" பெரியவர் கையை நீட்டினார். அக்கையில் துணியை வையாதிருக்கத் தக்க காரணம் ஒன்றும் காவலருக்குத் தோன்றவில்லை. "நல்லது. தேடினது வீண்போகல. காலையில அவையில காட்டிடலாம்."

"மத்த வீட்டையும் பார்த்தா..."

"மத்த வீட்டுல ஒண்ணும் இருக்காது," என்றார் பெரியவர். குரல் சிறிதும் நடுங்கவில்லை. திரும்பி நடந்தார்.

முகத்தைப் பார்த்திருந்தால் ஹகாய் அவரை நம்பியிருப்பார். அவர் பார்த்தது பாதங்களை. இப்போதுதான் கழுவி உலர்ந்த வலது குதிகாலின் வெடிப்பில் ஒரு நீல நூல் சிக்கிக்கொண்டிருந்தது.

பெரியவர் தெருத் திரும்பி மறைந்தார். செமு முதலில் வாயைத் திறந்தான்.

"பார்த்தீங்களா, அத்தான்?"

"பார்த்தேன். அவர் பாய்க்கடியிலயும் ஒரு பங்கு இருக்கு. அவருக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா அவனை ஏத்தப் போறாரு?"

"பதினாறு ஓட்டு குறைஞ்சுதே, அது யாரோடதுன்னு யாருக்கும் தெரியாது. தெரிஞ்சது ஒருத்தனோடதுதான்." ஹகாய் அவிழ்ந்த ஓலையை மடியில் வைத்துக்கொண்டார். "காப்பாத்த வந்த நாமதான் அவன் கழுத்துல கயித்தை மாட்டியிருக்கோம். சரி, ஒண்ணு சொல்லு. தெரு வழியா வந்தா கிட்ட. நீ ஏன் காயல் பக்கமாச் சுத்திக் கூட்டிட்டு வந்தே?"

செமு தன் கால்களைப் பார்த்தான். அவையும் பொய் சொல்லத் தெரியாதவை. பெருவிரல் மண்ணைக் கிளறிற்று.

"தெரு வழியா வந்தா நம்ம வீட்டைத் தாண்டணும்," என்றார் ஹகாய். "ஊர்ல எல்லா வீட்டையும் பார்த்தோம். அதை மட்டும் பார்க்கல. உனக்குத் தெரியுமா?"

"எனக்கு என்ன தெரியும், அத்தான்? அக்கா கத்தரிக்கோலை நனைச்ச துணியால துடைச்சா. ஏன்னு நான் கேட்கல. அக்கா பாயில என்ன இருக்குன்னு தம்பி பார்ப்பானா?" அச்சொல்லில் வேடிக்கை சிறிதும் இல்லை.

மணி அடித்தது. தெருவில் நின்றவர் யாவரும் வீடு புகுந்தனர். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பாட்டு எழுந்தது. கூரைகள் யாவும் ஒரே குரலில் ஆண்டவரைத் துதித்தன. தலையணைகளின்மேல் அமர்ந்தே துதித்தன என்பதை ஹகாய் மட்டும் எண்ணிக்கொண்டார்.

செபம் முடிந்தபின் மெலேகா தேங்காய்ப்பாலில் பச்சைமீன் பிசைந்து வைத்தாள். ஹகாய் உண்ணவில்லை, மடியிலிருந்த ஓலையை எடுத்து அவள் முன் வைத்தார். செமு வாசலுக்கு வெளியே, உள்ளே பாராமல், தெருவை நோக்கித் திரும்பி நின்றான்.

மெலேகா ஓலையைப் பார்த்தாள். பின்னர், தன் கணவர் இருபது ஆண்டுகளாகத் தலைவைத்துப் படுக்கும் தலையணையை எடுத்துத் தையலைப் பிரித்தாள். பஞ்சுக்குள்ளிருந்து மஞ்சள் துண்டு ஒன்று வந்தது. ஓடத்தின் பாய்.

"உங்க தலைக்கடியிலதான் இருந்துச்சு," என்றாள்.

"ஏன்டி?"

"கரையேறின மீனை அடுத்த தடவைக்குன்னு யாராவது எடுத்து வெப்பாங்களா? நாறிப்போகும். நாங்க ராப்பகலாத் தெச்சோம். ஏத்த முடியல. அதுக்காக யாரோ ஒருத்தர் அலமாரியில வெச்சுப் பூட்டுறதா? ஒண்ணாச் சேர்ந்து ஏத்த முடியாததை ஒண்ணாச் சேர்ந்து வெச்சுக்கலாம்னு நினைச்சேன். மண்டபத்துப் பாயைக் காயப்போடப் போன அன்னைக்குக் கத்தரிச்சேன். வேணும்னவங்களுக்கும் ஒரு துண்டு, வேணாம்னவங்களுக்கும் ஒரு துண்டு. யாரையும் விடல."

"லெபாயோவுக்கு?"

"அவனுக்கும்தான் வெச்சேன். அவனுக்கு வாங்கிக்க ஒரு பொம்பளை இல்லையே. எப்பவும் போல அவன் பங்கை அக்கா வீட்டுல வெச்சேன்."

"அக்கா இல்லாத வீட்டுல."

"இருந்தப்ப அப்படித்தானே வெச்சோம்? அவ எடுத்துச் சமைச்சு அவனைக் கூப்பிடுவா." அவள் தன் கையைப் பார்த்தாள். "கை பழகிப்போச்சு."

"அவன் தினமும் அந்தப் பக்கம் போறான், மெலேகா. பொட்டலம் தொங்குறதைப் பார்த்திருப்பான். அக்கா வாசல்ல தொங்குறதைத் தம்பி எப்படித் தொடுவான்? உள்ள என்ன இருக்குன்னே அவனுக்குத் தெரியாது. ஊர்ல பங்கு எடுக்காதவன் அவன் ஒருத்தன்தான். அவனைத்தான் திருடன்னு ஏத்துறாங்க."

வாசலில் நின்ற செமுவின் முதுகு சற்றே குனிந்தது.

மெலேகா கத்தரிக்கோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "தீர்ப்புச் சொன்ன அன்னைக்கே நான் வீடு வீடாப் போனேங்க. எல்லாரும் அவங்கவங்க துண்டைக் கொண்டுவந்து அவையில வெப்போம், அத்தனை பேரையும் கப்பல்ல ஏத்த முடியுமான்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. பெனியாமினா வீட்டம்மா மட்டும்தான் வாயைத் திறந்தாங்க. ஒருத்தன் போனா ஊரு நிக்கும். ஊரே குத்தவாளியானா யாரு நிக்கிறதுன்னாங்க. உங்ககிட்ட சொன்னா நீங்க தொப்பியோட கேட்பீங்களா, தொப்பி இல்லாம கேட்பீங்களான்னு தெரியல. அதான் சொல்லல."

ஹகாய் தொப்பியைக் கழற்றிப் பாயின்மேல் வைத்தார்.

"காலையில நான் போய்ச் சொல்றேன்," என்றாள் மெலேகா. "நான்தான் கத்தரிச்சேன்னு."

"சொன்னா, காவல்காரன் பொண்டாட்டியும் அவனும் கூட்டுன்னு சொல்வாங்க. அவன் அக்கா வாசல்ல கிடைச்ச துண்டு அவர் கையில இருக்கு. கொடுத்தது நான்."

"வேற யாராவது எடுத்துட்டு வந்தா?"

"வரமாட்டாங்க."

அண்டை வீட்டில் யாரோ தலையணையைத் தட்டிப்போட்டுப் படுக்கும் ஓசை கேட்டது. பவளத்திட்டின்மேல் அலை உடைந்தது. முன்னொரு காலத்தில் ஆட்களை வாரிக்கொண்டு போன கப்பலும், லோசாவை ஏற்றிக்கொண்டு போன கப்பலும், நாளை வரப்போவதும், அந்தத் திட்டுக்கு வெளியிலேதான் வந்து நிற்கும், உள்ளே வாரா. ஏற்றுவதற்குரிய ஆட்களை ஊரே தோணியில் வைத்துத் தள்ளிக்கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஹகாய் மஞ்சள் துணியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொரு இழையாக நீக்கினார். கவனமாக நான்காக மடித்தார். தொப்பியைத் திருப்பி அதற்குள் வைத்தார்.

"பயணத்துக்குப் பாயைச் சுருட்டட்டுமா?" என்று கேட்டாள் மெலேகா.

அவர் ஆமென்று தலையசைத்துவிட்டு வாசலை நோக்கிப் பேசினார். குரல் உயரவில்லை.

"செமு, நம்ம வீட்டுப் பங்கைக் காலையில மண்டபத்துல வெச்சுடுவேன். தொப்பியையும் அங்கேயே வெச்சுடுவேன். நீ கப்பல்காரங்ககிட்ட மூணு பேருக்கு இடம் சொல்லிடு. லெபாயோ அக்கா வாசல்வரைக்கும் நாங்க கூடப் போறோம். அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்."